90 டிகிரி நீரில் வளரும் ஜிங்க் ஆக்சைடு படிகங்களும் அவற்றின் ஒளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரக் கல்லூரிகளில் முதுநிலைத் திட்டப்பணிக்கு ஜிங்க் ஆக்சைடை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் பலர். இது நல்ல தேர்வு. பெரிய கருவிகள் இல்லாத சோதனைச்சாலையிலும் இந்தப் படிகத்தை நன்றாக வளர்க்க முடியும். ஆனால் ஒளிர்வு வரைபடம் (புற ஊதா ஒளி பட்ட படிகம் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உமிழ்கிறது என்று காட்டுவது) கைக்கு வந்ததும், எங்கோ படித்த விளக்கத்தை அப்படியே எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. எந்தத் தண்ணீரில், எந்த உப்பில், எத்தனை மணி நேரம் வளர்ந்தது என்ற குறிப்பு இல்லாமல் அந்த ஒளிக்குப் பொருள் சொல்ல முடியாது. மாணவர்களும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குறைந்த வெப்பநிலை என்றால் எவ்வளவு? எதோடு ஒப்பிட்டுக் குறைவு என்கிறார்கள்?

நீரின் கொதிநிலைக்குக் கீழே, பெரும்பாலும் 60 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை. ஒப்பீட்டுக்கு நாச்சியார்கோயிலுக்குப் போகலாம். குத்துவிளக்கு வார்ப்பதற்குப் பித்தளையை உருக்கும்போது உலை வாயிலிருந்து அடர்ந்த வெள்ளைப் புகை எழும். பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகம், அதாவது ஜிங்க், 907 டிகிரியில் கொதிக்கும் உலோகம். உருகிய பித்தளையிலிருந்து ஆவியாகி வெளியேறி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எரிந்து ஜிங்க் ஆக்சைடு ஆகிறது. உலோகம் உருக்கும் கலமான மூசையின் விளிம்பில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருளும் அதுதான். அந்தப் புகையை அதிகம் சுவாசித்தவர்களுக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வந்து ஓரிரு நாளில் தணியும். அதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர்.

ஆய்வகங்களிலும் ஆவி முறை உண்டு. 2001-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், அறை வெப்பநிலையிலேயே லேசர் ஒளி உமிழும் ஜிங்க் ஆக்சைடு நானோ கம்பிகளை உருவாக்கியபோது, அவற்றை ஏறத்தாழ 900 டிகிரியில் நீலக்கல் தகட்டின் மேல் வளர்த்தார்கள். நீர்க்கரைசலில் 95 டிகிரியில் நேர்த்தியான நானோ தண்டுகளை வரிசையாக வளர்க்கலாம் என்பதை லியோனல் வேசியெரெஸ் என்ற ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட கட்டுரை பரவலாக எடுத்துச் சென்றது. இன்று நம் கல்லூரிகளில் செய்வது பெரும்பாலும் அந்த முறையின் வழிவந்தது.

ஒளிரும் பொருள்கள் எத்தனையோ இருக்க, ஜிங்க் ஆக்சைடை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

இது ஒரு குறைகடத்தி. இதன் ஆற்றல் இடைவெளி சுமார் 3.37 எலக்ட்ரான் வோல்ட். புற ஊதா ஒளி பட்டால் எலக்ட்ரான் மேலே உள்ள கடத்தல் பட்டைக்குத் தாவுகிறது, கீழே இணைதிறன் பட்டையில் ஒரு துளை மிஞ்சுகிறது. எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்த்து இணையாகத் திரிவதை எக்ஸிட்டான் என்கிறோம். அந்த இணையைப் பிரிக்க ஜிங்க் ஆக்சைடில் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் தேவை. அறை வெப்பம் தரும் ஆற்றல் சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். எனவே மே மாதத்துத் தஞ்சாவூர் வெயிலிலும் இணை கலையாமல் இருந்து, சேரும்போது புற ஊதா ஒளியாக ஆற்றலை வெளிவிடும். நீல எல்.இ.டி.க்குப் பயன்படும் காலியம் நைட்ரைடில் இதே அளவு ஏறத்தாழ 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. ஆர்வத்துக்கு அடிப்படைக் காரணம் இந்த வித்தியாசம்.

சோதனைச்சாலையில் எப்படிச் செய்வது? அளவுகளோடு சொல்லுங்கள்.

முதல் முறையாகச் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் செய்முறை இது. 100 மில்லிலிட்டர் அயனி நீக்கிய நீருக்கு ஜிங்க் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 0.744 கிராம், ஹெக்ஸாமெத்திலீன் டெட்ரமீன் 0.350 கிராம். இரண்டின் செறிவும் லிட்டருக்கு 0.025 மோல் என்று அமையும். தனித்தனியாகக் கரைத்து, வடிகட்டி, பிறகு கலக்குங்கள். கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். கலந்தவுடன் கலங்கினால் நீரில் கார்பனேட் இருக்கிறது அல்லது பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

வித்துப் படலம் (தண்டுகள் முளைப்பதற்காக முன்பே பூசும் மெல்லிய ஜிங்க் ஆக்சைடு அடுக்கு, செய்யும் விதம் கீழே) பூசிய கண்ணாடித் துண்டை, பூசிய பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்துக் கரைசலில் வையுங்கள். இதை மாற்றி வைப்பவர்கள் ஏராளம். கரைசலுக்குள் தானாக உருவாகும் வெள்ளை வீழ்படிவு மேல்நோக்கிய பக்கத்தில் வந்து படியும். நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசையான தண்டுகளின் மேல் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கும் துகள்களே கண்ணில் படும்.

போரோசிலிகேட் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டு மூடி, 90 டிகிரி சூடேற்று அடுப்பில் மூன்று மணி நேரம் வைத்தால் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குத் தண்டுகள் வளரும். காற்று அடுப்பில் வைத்த பாட்டில் உடனே 90 டிகிரிக்கு வந்துவிடாது. பக்கத்தில் அதே அளவு நீர் ஊற்றிய இன்னொரு பாட்டிலில் வெப்பமானியைச் செருகி, எப்போது 90-ஐத் தொடுகிறது என்று பார்த்து, அங்கிருந்து மூன்று மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். எடுத்த துண்டை நீரில் நன்றாக அலசி உலர்த்துங்கள். அலசாமல் விட்டால் கரிமப் படிவு மேற்பரப்பில் தங்கி, பின்னால் ஒளிர்வு அளவீட்டில் குழப்பம் செய்யும்.

சூடான பாட்டிலைத் திறக்கும்போது ஃபார்மால்டிஹைடும் அம்மோனியாவும் மூக்கைத் துளைக்கும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பாட்டில் முழுதும் ஆறிய பிறகு, புகை வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்துத் திறப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

ஹெக்ஸாமெத்திலீன் டெட்ரமீன் சூட்டில் மெதுவாக நீராற்பகுப்பு அடைகிறது. ஒரு மூலக்கூறிலிருந்து ஆறு ஃபார்மால்டிஹைடும் நான்கு அம்மோனியாவும் கிடைக்கும். அம்மோனியா நீரில் ஹைட்ராக்சில் அயனியைத் தருகிறது, அது துத்தநாக அயனியோடு சேர்ந்து ஜிங்க் ஆக்சைடாகப் படிகிறது. இதில் "மெதுவாக" என்பதுதான் முக்கியம். சோடியம் ஹைட்ராக்சைடை ஒரேயடியாக ஊற்றினால் வீழ்படிவு நொடியில் உருவாகிவிடும், படிகம் நிதானமாக வடிவெடுக்க வாய்ப்பே இராது.

அறுகோணத் தண்டாக வளர்வதற்குக் காரணம் படிக அமைப்பு. உர்ட்சைட் வகை அறுகோணப் படிகம் இது. தண்டின் நீள அச்சின் ஒரு முனை துத்தநாக அணுக்களால் முடிகிறது, மறுமுனை ஆக்சிஜனால் முடிகிறது. மின் துருவத்தன்மை கொண்ட இந்த முனைகளின் ஆற்றல் அதிகம் என்பதால் அத்திசையில் வளர்ச்சி வேகமாக இருக்கும். பக்கவாட்டு முகங்கள் நிதானமாக வளர்கின்றன. கரைசலில் சிட்ரேட் சேர்த்தால் அது முனை முகத்தில் ஒட்டிக்கொண்டு நீள வளர்ச்சியைத் தடுக்கும், தண்டுக்குப் பதில் தட்டையான அறுகோணத் தட்டுகள் கிடைக்கும். இரண்டாம் பருவத் திட்டத்துக்கு இது அழகான சோதனை.

வித்துப் படலம் கட்டாயமா?

தண்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டுமானால் கட்டாயம். நெருக்கமாக விதைத்த நாற்றங்காலில் நாற்று பக்கத்தில் சாய இடமில்லாமல் நேராக உயர்வதைப் போலத்தான் இங்கும். வித்துகள் அடர்த்தியாக இருந்தால் சாய்ந்து வளரும் தண்டுகள் அண்டைத் தண்டில் முட்டி நின்றுவிடும், நிமிர்ந்தவை மட்டும் தொடர்ந்து வளரும்.

எத்தனாலில் லிட்டருக்கு 0.005 மோல் ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட், அதாவது 100 மில்லிலிட்டருக்கு 0.110 கிராம். இதைக் கண்ணாடித் துண்டின் மேல் சொட்டுவிட்டுச் சில நொடிகளில் எத்தனாலால் அலசி உலர்த்துவதை மூன்று முதல் ஐந்து முறை செய்து, 350 டிகிரியில் இருபது நிமிடம் சூடேற்ற வேண்டும். "அப்படியானால் குறைந்த வெப்பநிலை என்று எப்படிச் சொல்வது?" என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. வளர்ச்சி குறைந்த வெப்பநிலையில் நடக்கிறது, வித்து அப்படி இல்லை. முழுவதும் குறைந்த வெப்பத்திலேயே முடிக்க வேண்டுமென்றால், மெத்தனாலில் ஜிங்க் அசிடேட்டையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் 60 டிகிரியில் வினைபுரியச் செய்து நானோ துகள்களை முன்பே உருவாக்கி, அவற்றைப் பூசி 150 டிகிரியில் உலர்த்தலாம். மெத்தனால் நச்சு, தீப்பற்றும். காற்றோட்டமில்லாத அறையில் கையாள வேண்டாம்.

ஜிங்க் நைட்ரேட் பாட்டிலைத் திறந்தால் பாகுபோல இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெட்டுப்போகவில்லை. ஜிங்க் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் சுமார் 36 டிகிரியிலேயே தன் படிக நீரில் உருகிவிடும். கோடையில் டெல்டாவின் எந்தச் சோதனைச்சாலை அலமாரியும் அதைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். இரண்டு பருவத்திலும் சிக்கல் ஒன்றுதான்: நீங்கள் எடைபோட்டு எடுத்த 0.744 கிராமில் எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்று தெரியாது. மார்ச்சில் வந்த முடிவு நவம்பரில் வராமல் போவதற்கு இது பெரிய காரணம்.

வழி நம் கையிலேயே இருக்கிறது. இளநிலை வேதியியல் மாணவர் எல்லோரும் செய்யும் இ.டி.டி.ஏ. தரம்பார்த்தல்தான் (உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து உலோகத்தின் அளவைக் காண்பது). அடர்ந்த இருப்புக் கரைசல் ஒன்றைத் தயாரித்து, நீர்த்துச் சிறிது எடுத்து, பி.எச். 10 அம்மோனியா தாங்கல் கரைசல் சேர்த்து, எரியோக்ரோம் பிளாக் டி காட்டியோடு தரம்பாருங்கள். ஒயின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஊதாவாகி, கடைசிச் சொட்டில் தெளிந்த நீலமாக மாறும். ஊதாவில் நிறுத்திவிடாதீர்கள். 0.01 மோலார் இ.டி.டி.ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு 0.654 மில்லிகிராம் துத்தநாகம். இருப்புக் கரைசலின் உண்மையான செறிவு தெரிந்துவிட்டால் பருவம் மாறினாலும் அளவு மாறாது.

உரக்கடையில் கிடைக்கும் ஜிங்க் சல்பேட்டைப் பயன்படுத்தலாமா? விலை மிகக் குறைவாயிற்றே.

ஒளிர்வு ஆய்வுக்கு வேண்டாம். நம் பகுதியில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. நீர் தேங்கும் நெல் வயலில் பயிருக்குத் துத்தநாகம் எளிதில் கிட்டாமல் போவதால், ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் இடும்படி வேளாண் துறை பரிந்துரைக்கிறது. எனவே எல்லா உரக்கடையிலும் மூட்டையாக இருக்கும். ஹெப்டாஹைட்ரேட் வகையில் துத்தநாகம் குறைந்தது 21 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உரத்துக்கான விதி. பயிருக்கு அந்தத் தரம் போதும். படிகத்துக்கு உள்ளே புகும் இரும்பும் செம்பும் மிகச் சிறிய அளவிலேயே ஒளிர்வை மாற்றிவிடும், சில நேரம் அணைத்தும்விடும்.

சல்பேட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நடுத்தரக் காரத்தன்மையில் ஜிங்க் ஆக்சைடுக்குப் பதிலாக ஜிங்க் ஹைட்ராக்சி சல்பேட் படியும். அதுவும் வெள்ளைப் பொடிதான் என்பதால் கண்ணால் பார்த்து ஏமாறுவது எளிது. வீழ்படிவாக்கலையும் எக்ஸ் கதிர் ஆய்வையும் பழகிக்கொள்ள உரக்கடைச் சரக்கு போதும்.

ஆர்.ஓ. தண்ணீர் போதுமா?

போதாது. ஆர்.ஓ. நீரில் கரைந்த உப்பு குறைந்திருக்கும், நீங்கியிருக்காது. டெல்டாவின் ஆழ்குழாய் நீரில், குறிப்பாக நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம், குளோரைடு அதிகம். குளோரைடு படிக முனையில் ஒட்டி வடிவத்தை மாற்றக்கூடியது. கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தால் ஜிங்க் கார்பனேட் வகை உப்புகள் படியும். அயனி நீக்கிய நீர் வேண்டும். கண்ணாடி வடிகலனில் இருமுறை காய்ச்சி வடித்தாலும் சரி. பயன்படுத்துமுன் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டால் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் நீரைக் கடத்துதிறன் அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம்.

நடுவில் மின்சாரம் போனால்?

அடுப்பின் கதவைத் திறக்காதீர்கள். மின்சாரம் நின்ற நேரம், வந்த நேரம், இடையில் வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போனால் அந்த மாதிரியை ஒப்பீட்டு வரிசையில் சேர்க்க வேண்டாம்.

கிடைத்தது ஜிங்க் ஆக்சைடுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

உடனே பார்க்க ஒரு வழி உண்டு. சிறிது பொடியை மூசையில் நன்றாகச் சூடேற்றினால் எலுமிச்சை மஞ்சளாக மாறும், ஆறினால் மீண்டும் வெண்மையாகும். ஜிங்க் ஆக்சைடின் பழைய அடையாளம் இது. ஆனால் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் சூட்டில் ஆக்சைடாகச் சிதைந்து அதே நிறத்தைக் காட்டும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுதான் சாட்சி. செம்பு இலக்குக் கதிரில் 31.8, 34.4, 36.3 டிகிரி கோணங்களில் மூன்று முகடுகள் நெருங்கி நிற்கும். பொடியில் 36.3 உயரமாக இருக்கும். செங்குத்தான தண்டு வரிசையில் 34.4 மட்டும் ஓங்கி, மற்ற இரண்டும் அமுங்கிவிடும். தண்டுகள் நிமிர்ந்திருக்கின்றன என்பதற்கு அந்த ஏற்றத்தாழ்வே அத்தாட்சி.

படிக அளவுக்கு, முகட்டின் அகலத்திலிருந்து அதைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டைப் போடுகிறீர்கள். 36.25 டிகிரி முகட்டின் பாதி உயர அகலம் 0.4 டிகிரி என்றால், அதை ரேடியனாக்கி 0.00698 என்று எடுத்துக் கணக்கிட, சுமார் 21 நானோமீட்டர் வரும். அகலத்தை டிகிரியிலேயே போட்டுவிட்டு விடை பொருந்தவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. நீளமான தண்டுகளுக்கு இந்தச் சமன்பாடு உதவாது. நூறு, இருநூறு நானோமீட்டரைத் தாண்டினால் முகட்டின் அகலம் கருவியின் அகலமாகவே இருக்கும். தண்டின் அளவை மின்னணு நுண்ணோக்கிப் படத்திலிருந்து எடுங்கள்.

ஒளிர்வு வரைபடத்தில் இரண்டு மேடுகள் வருகின்றன. எது எது?

380 நானோமீட்டர் அருகே ஒல்லியாக வருவது எக்ஸிட்டான் சேர்க்கையின் ஒளி. 1240-ஐ நானோமீட்டரால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். 380-க்கு 3.26. ஆற்றல் இடைவெளியை விடச் சற்றுக் குறைவாக வருவது சரியே.

500 முதல் 650 வரை அகலமாகப் படர்ந்து வருவது குறைபாடுகளின் ஒளி. அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது, அணு இடையில் செருகிக்கொண்டிருப்பது, வேற்று அணு புகுந்திருப்பது ஆகியவை ஆற்றல் இடைவெளிக்குள் படிநிலைகளை உண்டாக்குகின்றன. எலக்ட்ரானோ துளையோ அங்கே சிக்கிச் சேரும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி வருகிறது.

அந்த அகல மேட்டுக்குக் காரணம் ஆக்சிஜன் காலியிடம் என்று எழுதலாமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். அப்படியே எழுதக் கூடாது.

அந்த அகல மேட்டில் வரும் பச்சை ஒளிக்கு 1969-இல் டிங்கிள் என்ற ஆய்வாளர் செம்பு மாசைக் காரணம் காட்டினார். 1996-இல் வான்ஹியூஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் ஒற்றை மின்னேற்றம் கொண்ட ஆக்சிஜன் காலியிடத்தோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். அந்தக் கட்டுரை பெரும் புகழ் பெற்றது, அதிலிருந்து எல்லோரும் எடுத்தாளத் தொடங்கினார்கள். துத்தநாகக் காலியிடமே காரணம் என்பவர்களும் வலுவான சான்றுகள் வைத்திருக்கிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. வெவ்வேறு மாதிரிகளில் வெவ்வேறு காரணங்கள் இருப்பதற்கும் இடமுண்டு.

நம் சிக்கல் அதற்கும் முந்தையது. 90 டிகிரி நீரில் வளர்த்த தண்டுகள் பெரும்பாலும் பச்சையைத் தருவதே இல்லை. 560-க்கு மேலே மஞ்சளும் ஆரஞ்சுமாகத்தான் ஒளிரும். நீரில் வளர்ந்த படிகத்தின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய. ஒரு சாரார் மஞ்சளுக்கு அவற்றைக் காரணமாக்குகிறார்கள், மற்றொரு சாரார் இடையில் செருகிய ஆக்சிஜனைச் சொல்கிறார்கள். ஆக்சிஜன் அதிகமாக இருக்கக்கூடிய மாதிரியின் மஞ்சள் மேட்டை எடுத்துக்கொண்டு, ஆக்சிஜன் குறைந்ததன் அடையாளமாகச் சொல்லப்பட்ட பச்சை மேட்டின் விளக்கத்தை அதற்கு ஒட்டவைப்பது எப்படிச் சரியாகும்? இப்படி எழுதிய ஆய்வேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. உழைத்து வளர்த்த படிகம் சொல்வதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

செய்ய வேண்டியது இது. முதலில் மேட்டின் உச்சி எந்த அலைநீளம் என்று சொல்லுங்கள். அடுத்து, ஒரே பாட்டிலில் வளர்ந்த துண்டை மூன்றாக உடைத்து, ஒன்றை அப்படியே வைத்து, ஒன்றைக் காற்றில், ஒன்றை நைட்ரஜனிலோ ஹைட்ரஜன் கலந்த ஆர்கானிலோ சூடேற்றி ஒப்பிடுங்கள். பிறகு "சூடேற்றியதும் மஞ்சள் இவ்வளவு குறைந்தது, எனவே ஹைட்ராக்சில் தொகுதிகளோடு தொடர்பு இருக்கலாம்" என்று எழுதினால் அது உங்கள் சான்றிலிருந்து எழுந்த வாக்கியம்.

சூடேற்றினால் என்ன மாறும்?

காற்றில் 300, 400 டிகிரியில் ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஒட்டியிருந்த கரிமப் பொருளும் வெளியேறும். புற ஊதா மேடு பெரும்பாலும் ஓங்கும். ஹைட்ரஜன் கலந்த வளியில் சூடேற்றினால் மஞ்சள், ஆரஞ்சு மேடு வெகுவாக அமுங்கும். ஆக்சிஜன் குறைந்த சூழலில் வெப்பத்தை மிக உயர்த்தினால் பச்சை தலைகாட்டும். ஹைட்ரஜன் சிலிண்டரைத் தகுந்த ஏற்பாடும் பயிற்சியும் இல்லாமல் தொடாதீர்கள்.

ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சில் இந்த ஒளியைப் பார்க்க முடியுமா?

டார்ச்சின் அலைநீளத்தைப் பொறுத்தது. 365 நானோமீட்டர் என்றால் 3.40 எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் இடைவெளியை ஒட்டித் தாண்டுகிறது. விலை குறைந்த டார்ச்சுகள் பல 395 நானோமீட்டர். அதாவது 3.14 எலக்ட்ரான் வோல்ட், எலக்ட்ரானைத் தாவவைக்கப் போதாது.

365 டார்ச்சை இருட்டறையில் அடித்தால் தண்டு வளர்ந்த கண்ணாடி மங்கலான மஞ்சள், ஆரஞ்சில் தெரியும். இன்னும் அழகாகப் பார்க்க வேண்டுமென்றால் எத்தனாலில் உருவாக்கிய நானோ துகள் கரைசலைப் பாருங்கள். பகலில் வெறும் நீர்போல் தெளிந்திருக்கும் கரைசல் டார்ச் பட்டதும் பச்சையாகப் பளிச்சிடும். நாள் செல்லச் செல்லத் துகள்கள் பெரிதாகி, நிறம் மஞ்சளை நோக்கி நகரும். துகளின் அளவு சில நானோமீட்டருக்குக் குறையும்போது ஆற்றல் இடைவெளி விரிவடைகிறது என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக வகுப்பில் காட்ட முடியாது.

மாதிரிக்கு அடியில் வெள்ளைத் தாள் வைக்காதீர்கள். தாளிலும் சலவைத்தூளில் துவைத்த வேட்டியிலும் உள்ள வெண்மையூட்டி நீலமாக ஒளிரும். கறுப்பு அட்டை வையுங்கள். டார்ச்சை யார் கண்ணுக்கும் நேரே காட்ட வேண்டாம், புற ஊதா தடுக்கும் கண்ணாடி அணியுங்கள்.

650 நானோமீட்டரில் கூர்மையான முகடு வருகிறது. புதிய குறைபாடா?

எந்த ஒளியால் தூண்டினீர்கள்? 325 நானோமீட்டர் என்றால், அதன் இருமடங்கான 650-இல் தெரிவது, ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கருவிக் கீற்றணியின் இரண்டாம் வரிசை விளிம்பு விளைவு. சிதறிய தூண்டு ஒளிதான் அங்கே போய்த் தெரிகிறது. 380 மேட்டின் நகலும் 760 அருகே வரும். தூண்டு ஒளியைத் தடுத்து நீண்ட அலைகளை மட்டும் விடும் வடிகட்டியைப் போடச் சொல்லுங்கள், 650 முகடு மறைந்துவிடும்.

நீரில் கலந்த துகள்களை 325-ஆல் தூண்டும்போது 365 அருகே ஒரு சிறு முகடு வந்தால் அது நீரின் ராமன் சிதறல், அதாவது நீர் மூலக்கூறில் பட்டு ஆற்றல் குறைந்து சிதறிய தூண்டு ஒளி. சந்தேகம் வந்தால் தூண்டும் அலைநீளத்தைப் பத்து நானோமீட்டர் மாற்றிப் பாருங்கள். கூடவே நகரும் முகடு படிகத்தினுடையது அல்ல. அளவீட்டை வெளியில் கொடுத்து வாங்கும் கல்லூரிகள் மாதிரியோடு இந்தக் கோரிக்கையையும் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வரிதான், ஆனால் அது இல்லாமல் பல வரைபடங்கள் வீணாகியிருக்கின்றன.

புற ஊதா மேட்டுக்கும் கண்ணுறு மேட்டுக்கும் உள்ள விகிதத்தைத் தர அளவாகச் சொல்லலாமா?

ஒரே நாளில், ஒரே கருவியில், ஒரே தூண்டு வலிமையில் எடுத்த மாதிரிகளுக்குள் மட்டும் சொல்லலாம். தூண்டும் ஒளியைக் கூட்டினால் குறைபாட்டு நிலைகள் நிரம்பி நின்றுவிடும், புற ஊதா மேடு மட்டும் மேலும் ஓங்கும். எனவே லேசரில் எடுத்த பிறர் விகிதத்தோடு செனான் விளக்கில் எடுத்த உங்கள் விகிதத்தை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

வேப்பிலை, துளசி, செம்பருத்திச் சாறு கொண்டு செய்யும் முறை நல்லதா?

நம் மாநிலக் கல்லூரிகளில் மிகப் பரவலான முறை இது. என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். சாறு கலந்த வீழ்படிவைப் பெரும்பாலும் 400 டிகிரியிலோ அதற்கு மேலோ சுட்டெடுக்கிறார்கள். அப்படிச் சுட்டது குறைந்த வெப்பநிலை முறை ஆகாது. சாறு என்ன செய்தது என்று காட்ட வேண்டுமானால், சாறு இல்லாமல் அதே பி.எச்.சில், அதே வெப்பத்தில் ஒரு மாதிரி செய்தாக வேண்டும். அந்த ஒப்பீட்டு மாதிரி பல ஆய்வேடுகளில் இல்லை. இலையின் கரிமப் பொருள் முழுதும் எரியாமல் மிஞ்சினால் அதுவே 400 முதல் 450 நானோமீட்டரில் நீலமாக ஒளிரக்கூடும். அதைத் துத்தநாகக் குறைபாடு என்று எழுதிவிடுவார்கள். ஒப்பீட்டு மாதிரியோடு செய்தால் நல்ல ஆய்வாகும்.

கழிவை என்ன செய்வது?

கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். நம் ஊர்க் கல்லூரிகளின் வடிகால் பலவும் ஏதாவதொரு வாய்க்காலில்தான் போய்ச் சேர்கிறது. அந்த நீர் கடைமடை வயலுக்கும் மீன் குட்டைக்கும் போகும். கரைந்த துத்தநாகம் மீனுக்கு நஞ்சு. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் இருக்கக் கூடாது என்பது விதி. 0.025 மோல் கரைசலில் தொடக்கத்தில் லிட்டருக்கு 1,600 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. படிகமாக மாறியது போக எஞ்சுவதும் விதியின் அளவைப் பல மடங்கு தாண்டும்.

எஞ்சிய கரைசலை மூடிய கேனில் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 9-க்கும் 10-க்கும் இடையில் கொண்டுவாருங்கள். அங்கேதான் ஜிங்க் ஹைட்ராக்சைடின் கரைதிறன் மிகக் குறைவு. காரத்தை அதிகமாக ஊற்றினால் வீழ்படிவு திரும்பக் கரைந்துவிடும். கரைசலில் அம்மோனியா இருப்பதாலும் சிறிது துத்தநாகம் கரைந்தே நிற்கும். எனவே வடிநீரை இ.டி.டி.ஏ.வால் சோதித்துப் பாருங்கள். அதில் ஃபார்மால்டிஹைடும் இருப்பதால், அதைத் தனிக் கேனில் வைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். வடிகட்டிய வெள்ளை ஹைட்ராக்சைடை அலசி உலர்த்திப் பெயர் எழுதி வையுங்கள். நீர்த்த அமிலத்தில் கரைத்தால் அடுத்த ஆண்டு மாணவர்கள் தரம்பார்த்தல் பழகவும் வீழ்படிவாக்கல் பழகவும் அதுவே போதும்.